கொம்பைமடுவில் நிற்காத வண்டி

"ரெண்டு வாட்டியா வண்டி வரலம்மா. அவருக்கு மூச்சு வுட முடியல. படுக்க முடியாம உக்காந்துகினே இருக்காரு."

அந்த போன் வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தேன். எதிர்முனையில் காற்றும் மழையும் குரலை விழுங்கிக்கொண்டிருந்தன. பேசியவர் கல்வராயன் மலையில் கொம்பைமடுவு என்ற சின்ன ஊர்க்காரர். மரவள்ளி போடுகிற குடும்பம். அவருடைய கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரம் மூன்று தடவை கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு போவார். அதில் ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டு தடவை தவறினால் அந்த நீர் நுரையீரலுக்கு ஏறும். இதெல்லாம் அந்த வேலைக்கு வந்த பிறகு நான் தெரிந்துகொண்டது.

"திங்கக்கிழமையும் வரலையா?" என்று கேட்டேன்.

"மழை பேயுது, அதான் வரலன்னு நெனச்சோம். நேத்தும் ரோட்டுல வந்து நின்னுட்டுத் திரும்பிப் போனோம். ஊர்ல டவர் செத்துப் போச்சு. பாறை மேல ஏறி நின்னுகினு பேசறேன். எப்பம்மா வருவீங்க?"

பதில் சொல்ல வாயெடுக்கும்போது அழைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது.

எங்களுடையது ஒரு சின்ன அறக்கட்டளை. கள்ளக்குறிச்சியில் உரக்கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். மலையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் டயாலிசிஸ் நோயாளிகளை வண்டி வைத்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது வேலை. பொறுப்பாளர் ஒரு அக்கா. நான் அங்கே ஒரே கம்ப்யூட்டர் ஆள். சென்னையில் ஒரு கம்பெனியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊருக்கு வந்து, பாதி நாள் வேலையாக இதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்தவர் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதி வைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் அது தானாக ஓடும். மறுநாள் யார் யார் வர வேண்டும் என்று பார்த்து, ஊர்களை வண்டி போகிற வரிசையில் அடுக்கி, டிரைவர்களுக்கு மெசேஜ் அனுப்பிவிடும். நான் சேர்ந்த நாளிலிருந்து அது ஒருமுறைகூட நின்றதில்லை. அன்றும் திரையில் 'முடிந்தது, பிழை ஏதுமில்லை' என்றே காட்டிக்கொண்டிருந்தது.

அதனால் எனக்கு முதலில் கோபம் வந்தது டிரைவர் மேல்தான்.

முந்தின வாரம் மழையில் மலைப் பாதையில் ஒரு தரைப்பாலம் உடைந்திருந்தது. பெரிய வேன் அந்தப் பக்கம் போக முடியாமல், வடக்கனந்தல்காரர் ஒருவருடைய ஜீப்பை, அவரையே ஓட்டச் சொல்லிச் சுற்றுவழியில் விட்டிருந்தோம். அவர் கீழே டீக்கடையில் நின்றிருந்தார். மாடிப்படியிலேயே நின்று கத்தினேன்.

"கொம்பைமடுவுக்கு ஏன்ணா போகல? ரெண்டு நாளா அந்தாளு ரோட்டுல நிக்கறாரு!"

அவர் டீ டம்ளரை வைத்துவிட்டு மேலே வந்தார். போனை எடுத்து என் கையில் கொடுத்தார். திங்கட்கிழமைக்கான மெசேஜ் இருந்தது. புதன்கிழமைக்கானதும் இருந்தது. ஊர்கள் வரிசையாக இருந்தன. கொம்பைமடுவு இல்லை.

"மெசேஜ்ல இல்லாத ஊருக்கு நான் எப்டிம்மா போறது? அந்த வழியாத்தான் போனேன். நிக்கச் சொல்லியிருந்தா நின்னிருக்க மாட்டனா?" என்றார். குரலில் சூடு இருந்தது. அது நியாயமான சூடு. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்கா உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கை போனில் இருந்தது. ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, மலையிலிருந்து ஒருவர் அவசரமாக வருகிறார், மெஷின் ஒன்று வேண்டும் என்று பேசினார். மலையில் ஆம்புலன்ஸ் வேறு ஊருக்கு ஏறியிருந்தது, திரும்ப நேரமாகும் என்றார்கள். அக்கா டிரைவரைப் பார்த்தார்.

"போறேன்க்கா. இந்த மழைக்கு மேல ஏறிட்டா எறங்கறதுதான் கஷ்டம். பாக்கலாம்." சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஜீப் கச்சிராயபாளையம் ரோட்டுப் பக்கம் திரும்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அக்கா என்னிடம் திரும்பினார். "அந்தாள் பேரு எப்டி வுட்டுப் போச்சு?"

"தெரியலக்கா."

"வேற யாரு வுட்டுப் போயிருக்காங்க?"

மெசேஜில் இருப்பவர்களை எண்ணிவிடலாம். இல்லாதவர்களை எப்படி எண்ணுவது? வண்டி வராவிட்டால் மழைதான் காரணம் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படியே நினைத்திருந்தார்கள். பாறை மேல் ஏறிக் கூப்பிட ஒரு மனைவி இல்லாதவர்கள் எத்தனை பேரோ! சாயங்காலம் நிரல் தானாக ஓடி அடுத்த நாளுக்கான மெசேஜையும் அனுப்பிவிடும். அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

உட்கார்ந்து நிரலைத் திறந்தேன். அவசரத்தில் அதை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம் என்று எண்டர் பொத்தான் மேல் விரல் வைத்துவிட்டேன். அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் டிரைவர்கள் எல்லாருக்கும் நிஜமாகவே மெசேஜ் போயிருக்கும். மலை ஏறிக்கொண்டிருப்பவருடைய போனில் கொம்பைமடுவு இல்லாத இன்னொரு மெசேஜ் போய் விழுந்திருக்கும். அவர் என்ன நினைப்பார்? விரலை எடுத்துவிட்டு, நிரலை வேறொரு இடத்தில் நகல் எடுத்தேன். மெசேஜ் அனுப்புகிற வரியை அடைத்து, அனுப்புவதற்குப் பதிலாகத் திரையில் மட்டும் காட்டும்படி மாற்றினேன். பதறும்போது முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று சென்னையில் யாரோ எப்போதோ சொன்னது. அப்போது அது எனக்கு வெறும் வழக்கமாகத்தான் பட்டது.

கோளாறு இருந்த இடம் சீக்கிரமே கண்ணில் பட்டது. ஒவ்வொரு நோயாளியின் ஊரையும் எடுத்து, வண்டி நிற்கும் ஊர்களின் பட்டியலில் அது எத்தனையாவது நிறுத்தம் என்று தேடும் இடம். 'ட்ரை' என்று தொடங்கியிருந்தது. முயன்று பார் என்று அர்த்தம். கீழே 'எக்செப்ட்'. தவறினால் என்ன செய்வது என்று சொல்ல வேண்டிய இடம். அங்கே ஒரே ஒரு சொல்தான் இருந்தது. 'பாஸ்'. கண்டுகொள்ளாமல் தாண்டிப் போ.

ஊர் கிடைக்காவிட்டால் அந்த மனிதரையே விட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறது. ஒரு சத்தம் இல்லை. எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு பிழை வந்து நிரல் நின்றிருக்கும், வண்டி கிளம்பத் தாமதமாகியிருக்கும், யாராவது கத்தியிருப்பார்கள். நிற்காமல் ஓடினால் போதும் என்று அந்தச் சொல்லைப் போட்டிருப்பார். அதற்குப் பிறகு நிரல் நிற்கவே இல்லை.

'பாஸ்' என்பதை எடுத்துவிட்டு ஓட்டினேன். உடனே நின்றது. இந்தப் பெயர் பட்டியலில் இல்லை என்று சிவப்பில் காட்டியது: கொம்பைமடுவு.

நிறுத்தப் பட்டியலைத் திறந்தேன். நடுவில் தெளிவாக இருந்தது: கொம்பைமடுவு.

இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். இரண்டும் சமமா என்று பைத்தானிடமே கேட்டேன். இல்லை என்றது. முன்னாலோ பின்னாலோ காலி இடம் ஒட்டியிருக்குமோ என்று வெட்டிவிட்டுக் கேட்டேன். அப்போதும் இல்லை என்றது.

இதற்குள் ஜீப் கோமுகி அணையைத் தாண்டிவிட்டதாக டிரைவர் போன் செய்தார் என்று அக்கா சொன்னார். அணைக்கு மேலே போய்விட்டால் போன் கிடைக்காது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. மழை கீழே உரக்கடை வாசலின் தகரக் கூரையில் இன்னும் பலமாக விழ ஆரம்பித்தது. அக்கா ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"இன்னும் ஆவலியா?"

"பேரு ஒண்ணுதான்க்கா. ஆனா வேறங்குது."

"இன்னாது?"

இரண்டு பெயர்களின் நீளத்தையும் அளக்கச் சொன்னேன். ஒன்று பதினொன்று என்றது. இன்னொன்று பன்னிரண்டு. கண்ணுக்குத் தெரிவது ஆறு எழுத்துதான், கம்ப்யூட்டர் உயிர்மெய்யைப் பிரித்துப் பிரித்து எண்ணும், அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரே பெயர் ஒரு தடவை பதினொன்றும் இன்னொரு தடவை பன்னிரண்டுமாக எப்படி இருக்கும்? ஒவ்வொரு குறியாகப் பிரித்து வரிசையாக அச்சிட்டேன். முதல் எழுத்திலேயே மாட்டியது. ஒரு பெயரில் 'கொ' என்பது க-வும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியும். இன்னொன்றில் க, பிறகு கொம்பு தனியாக, பிறகு கால் தனியாக. திரையில் இரண்டும் ஒரே 'கொ'வாகத்தான் தெரியும்.

எப்படி வந்தது என்பதும் புரிந்துவிட்டது. நோயாளிகளின் விவரமெல்லாம் பல வருஷம் முன்னால் ஏதோ ஒரு டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்து, பின்னால் இப்போது எல்லாரும் பயன்படுத்தும் யூனிகோடு முறைக்கு மாற்றியது. மாற்றியபோது கொம்பும் காலும் தனித்தனியாகவே தங்கிவிட்டன. நிறுத்தப் பட்டியலையும் அதே கையோடு மாற்றியிருந்ததால் இத்தனை நாள் இரண்டும் ஒத்துப்போயின. பாலம் உடைந்த பிறகு சுற்றுவழிக்கான புதுப் பட்டியலை அக்கா தன் போனில் அடித்துக் கொடுத்தார். போனில் 'கொ' ஒரே குறியாக விழும்.

அக்காவிடம் சொன்னேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் அடிச்சதுதான் தப்பா?"

"நீங்க அடிச்சது சரிதான்க்கா. அதுவும் சரிதான். ரெண்டும் சரி, ரெண்டும் வேற."

அவருக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கும்தான்.

இந்தச் சிக்கலுக்குப் பைத்தானில் கைவசம் மருந்து உண்டு. 'நார்மலைஸ்' என்று ஒரு செயல்பாடு. எப்படி அடித்திருந்தாலும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் அதைப் போடுவதற்கு முன்னால் எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. பட்டியல் மாறிய நாளிலிருந்து மறுநாள் வரைக்கும் வர வேண்டியவர்களை ஒரு 'செட்'டில், அதாவது ஒரு தொகுப்பில் போட்டேன். மெசேஜில் போனவர்களையும், பழைய நிரல்படி மறுநாள் போகவிருந்தவர்களையும் இன்னொரு 'செட்'டில் போட்டேன். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தேன். ஒரே ஒரு கழித்தல் குறிதான். எண்டரை அழுத்திவிட்டு ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூன்று பெயர்கள் வந்தன. ஒருவர் கொம்பைமடுவுக்காரர். மற்ற இருவரின் ஊர்ப் பெயர்களிலும் ஒரு 'தொ'வோ 'கோ'வோ இருந்தது.

அக்கா முதல் எண்ணைக் கூப்பிட்டார். ஒரு பெரியவர் எடுத்தார். வண்டி வராததால் மகன் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்விட்டானாம். "பஸ்ஸுல போனாகூடப் பரவால்ல, மழையில பைக்குல போயி முட்டியே வெறச்சிப் போச்சு" என்று அரைமணி நேரம் திட்டத் தயாராக இருந்தார். அக்கா கேட்டுக்கொண்டார். இன்னொருவர் ஒரு பெண். சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்துவிட்டு அன்றுதான் ஊர் திரும்பியவர், எங்கள் வண்டிக்கு அவர் முறை அடுத்த நாள்தான். விட்டுப்போகவிருந்தவர், இன்னும் விட்டுப்போகவில்லை. அவருடைய எண் அடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் எடுத்தார். நாளைக்குக் காலையில் வண்டி கட்டாயம் வரும், ரோட்டில் நில்லுங்கள் என்று அக்கா இரண்டு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நான் நிரலில் கை வைத்தேன். பெயர் எங்கிருந்து வந்தாலும் உள்ளே நுழைகிற ஒரே வாசலில் அதைச் சரிசெய்யும்படி ஒரு சின்னச் செயல்பாடு எழுதினேன். அங்கங்கே ஒட்டுப் போட்டால் ஏதாவது ஒரு இடம் மறந்துபோகும். வரிகளை அடிக்கும்போதே காது போனில் இருந்தது. மணி வரவில்லை.

நகலில் விடுபட்ட ஊர்கள் திரும்ப வந்ததைப் பார்த்து, சாயங்கால ஓட்டத்துக்கு முன்பே நிஜ நிரலில் ஏற்றி முடித்த பிறகு, வெளிச்சம் மங்கும் நேரத்தில் போன் அடித்தது. டிரைவர்.

"ஏத்திட்டேன்க்கா. வழியில மரம் வுழுந்து கெடந்துச்சு, வெட்டிப் போட்டுட்டுத்தான் போனோம். ஊர்ல நாலு பேரு நாற்காலியோட தூக்கியாந்தாங்க. காலெல்லாம் வீங்கிக் கெடக்குது. பேச்சு இல்ல. அந்தம்மா வெசிறிகினே வருது. இங்க ஒரு வளைவுல டவர் கெடச்சுது, எறங்கிகினு இருக்கேன். அணைகிட்ட வந்துட்டுப் பேசறேன்."

அணையிலிருந்து அவர் பேசவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். அக்காவும் நானும் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது நோயாளியை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மூக்கில் குழாயோடு உட்கார்ந்த நிலையிலேயே மெஷினில் போட்டிருப்பதாக நர்ஸ் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்காமல் போனார்.

வராந்தாவில் அந்த அம்மா ஈரச் சேலையோடு நின்றிருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவராக இருப்பார். நான்தான் போனில் பேசியவள் என்று சொன்னேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல முயன்றேன். உங்க ஊர்ப் பேரு ரெண்டு விதமா எழுதியிருந்துச்சு, கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒண்ணுன்னு தெரியல, அதனால மெசேஜ் போகல. சொல்லச் சொல்லவே அது எவ்வளவு சிறியதாக ஒலிக்கிறது என்று எனக்கே கேட்டது.

அவர் கோபப்படவில்லை. முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"நாங்களா எழுதினோம்? நீங்கதான எழுதினீங்க. நாங்க ரோட்டுலதான நின்னோம்."

அக்கா அவரை உட்காரவைத்து, வெளியே போய் இட்லி வாங்கி வந்தார். அவர் சாப்பிடவில்லை. உள்ளேயிருந்து மெஷினின் பீப் சத்தம் வரும்போதெல்லாம் கதவைப் பார்த்தார்.

அவருடைய கணவர் பிழைத்துக்கொண்டார். சில நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்து அனுப்பினார்கள். ஆனால் மலைக்குத் திரும்பவில்லை. மகளை மணலூர்பேட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மழைக்காலம் முடிகிறவரை அங்கேயே இருப்பதாகச் சொல்லிப் போனார்கள். மழைக்காலம் முடிந்தது. கொம்பைமடுவு மரவள்ளிக் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நாங்கள் வண்டி அனுப்பத் தயார் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா மரியாதையாகவே மறுத்துவிட்டார். "மருமவன் பஸ் ஏத்தி வுட்டுடறாருங்க. அது போதும்." நம்பிக்கை போய்விட்டது என்று அவர் வாயால் சொல்லவில்லை.

நான் நிரலை முழுக்கப் பிரித்து எழுதினேன். முக்கியமாகச் சேர்த்தது ஒன்றுதான். உள்ளே எத்தனை பேர் வந்தார்களோ அத்தனை பேரும் மெசேஜில் வெளியே போக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் நிரல் எந்த மெசேஜும் அனுப்பாமல் நின்று, குறைந்தது யார் என்று பெயர் சொல்லி எனக்கும் அக்காவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரே ஊரை இரண்டு விதமாக அடித்துக் கொடுத்து, அது ஒன்றாக எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் சோதனையும் எழுதி வைத்தேன்.

அக்காவுக்கு அதில் உடன்பாடில்லை. "ஒருத்தர் பேரு சரியில்லன்னா ஒருத்தர வுட்டுட்டு மத்தவங்களுக்காவது அனுப்பக்கூடாதா? எல்லாத்தையும் நிறுத்திப்புட்டா எப்டி?"

"அப்டித்தான்க்கா முன்னாடி எழுதியிருந்துச்சு."

அவர் திரும்பித் தன் மேஜைக்குப் போனார். ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது.

தை பிறந்த பிறகு ஒரு நாள் அது நின்றது. உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவரின் ஊரை யாரோ வேறு பெயரில் பதிந்திருந்தார்கள். ஊருக்குள் வழங்கும் பெயர் ஒன்று, பதிவில் இருக்கும் பெயர் இன்னொன்று. எந்த 'நார்மலைஸ்' போட்டாலும் அது சேராது. மெசேஜ் எதுவும் போகவில்லை. டிரைவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளைக்கு வேலை உண்டா இல்லையா? அக்கா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"நிறுத்திட்டுதா?"

"ஆமாக்கா. ஒருத்தர் குறையறாரு."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"யாரு குறையறாங்க, பேரச் சொல்லு" என்று போனை எடுத்தார்.